நட்சத்திரம் கட்டாத வீடு

கேள்வி கேட்பதற்கென்றே பிறந்து, பதில் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்தார். ரயில்வேயில் விசாரணைக் கவுன்டரில் வேலை. ஆகவே தெருவுக்கு அவர் 'என்கொயரி சார்'. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவர் மனைவி எமிலி அக்காகூடக் கோபம் வந்தால்தான் எடுப்பார்.

கவுன்டருக்கு ஒருவர் வந்து, "செங்கல்பட்டு வண்டி எப்போ சார்?" என்று கேட்டால், "செங்கல்பட்டுல யாரு இருக்கா?" என்பார் சார். மாமா இருக்கிறார் என்றால், தாய்மாமாவா, அத்தை வீட்டுக்காரரா என்பது தெளிவாக வேண்டும். அது தெளிவாவதற்குள் வண்டி போய்விடும். ஆனால் அடுத்த வண்டியின் நேரத்தை அவர் ஒருபோதும் தவறாகச் சொன்னதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது அவருடைய அகராதியில் பாவம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பரில் இந்தக் குணம் அவர் குடும்பத்தையே கலங்கடித்தது. அவருடைய ஒரே மகள் ஜெஸி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து நிலக்காரக் குடும்பத்துப் பையன் குமாரை அந்த வருஷம்தான் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். குமாரின் அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. வராத அம்மாளிடமிருந்து திடீரென்று தகவல் வந்தது. பெண் வீட்டில் தீபாவளி இல்லை என்பதால் தலை தீபாவளி நடக்கவில்லை. அது போனால் போகட்டும், தலைக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையையும் மருமகளையும் தானே அழைத்துக்கொண்டு வருவதாக அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார்.

எமிலி அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அந்தம்மா நம்ம வாசப்படி ஏறிட்டாப் போதும். என் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிந்து நடப்பா."

சாருக்கு வேறு கவலை. நான் அப்போது ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மாவுக்கு நம்ம பண்டிகை புதுசு. இது எதுக்கு, அது எதுக்குன்னு கேப்பாங்க. சம்பந்தியா நான் தெரியாதுன்னு சொன்னா, அவமானம் ஜெஸிக்கு இல்ல? ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்துதுன்னு பாத்துக் குடும்மா."

நானும் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றோடு எதிர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கியது.

முதலில் போனது நட்சத்திரம். "பெத்லகேமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஜெர்மனியில ஒரு ஸ்கூல்ல பசங்களுக்கு ஜியாமெட்ரி புரியறதுக்காகப் பேப்பர்ல செஞ்சதாம். ஹோம்வொர்க்கை யாராவது வாசல்ல தொங்கவிடுவாங்களா?"

"அந்த நட்சத்திரத்தின் நினைவுக்காகத்தானே சார் கட்டுகிறோம்?"

"அதுக்கு எத்தனை முனை? வேதத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நட்சத்திரம் பரண் ஏறியது.

அடுத்தது மரம். ஒரு துறவி ஓக் மரத்தை வெட்டியபோது அந்த இடத்தில் முளைத்தது என்றது ஒரு புத்தகம். நாடக மேடையில் ஆதாம் ஏவாளுக்காக ஆப்பிள் கட்டி நிறுத்திய மரம் என்றது இன்னொன்று. இயேசுவுக்கும் முந்தைய குளிர்கால வழக்கம் என்றது மூன்றாவது. மூன்று பிறந்த ஊர் உள்ள ஆசாமியை நம்ப முடியாது என்று தீர்ப்பளித்து, சந்தையில் வாங்கி வந்திருந்த சவுக்குக் கிளையை ஆட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார் சார். ஆடு அதைத் தின்னவில்லை.

கேக், இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இறைச்சியும் உலர்பழமும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியின் வாரிசு என்று தெரிந்த அன்று எமிலி அக்கா பொறுமை இழந்தார். "கேக்கு இங்கிலாந்துக்குப் போச்சு, ஸ்டார் ஜெர்மனிக்குப் போச்சு. மிச்சம் இருக்கிற பண்டிகையையும் டிக்கெட் போட்டு அனுப்பிடுங்க. நான் மாப்பிள்ளைக்கு ரசம் வெக்கிறேன்."

சார் அனுப்பத்தான் பார்த்தார். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதிக்கே கற்றறிந்தவர்கள் வெவ்வேறு காரணங்கள் சொல்வதைப் படித்த பிறகு, இரண்டு நாள் அவர் நாள்காட்டியின் பக்கமே திரும்பவில்லை. எனக்கும் அந்தக் குழப்பம் தொற்றியது. அச்சு முறுக்கை வாயருகே கொண்டுபோய், நீ எந்த ஊர் என்று ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடிக்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் சபையின் பாடகர் குழு, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவோடு தெருவுக்கு வந்தது. சார் கேட்டைத் திறக்காமல், ஆடிக்கொண்டிருந்த தாத்தாவை நிறுத்தினார்.

"கிறிஸ்துமஸ் தாத்தான்னு நீங்க வேஷம் போடுற நிக்கலஸ், துருக்கிப் பக்கத்துல பிஷப்பா இருந்தவர். யார் கண்ணுலயும் படாம தர்மம் பண்ணவர். நீங்க எதுக்கு டிரம் அடிச்சிக்கிட்டு வர்றீங்க?"

முகமூடிக்குள்ளிருந்து களைத்த குரல் வந்தது. "துருக்கியெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் அஸ்தினாபுரம். உள்ள மூச்சு முட்டுது, ஒரு டான்ஸ் ஆடிட்டுப் போய்டுறேன், வுட்ருங்க சார்."

சார் யோசித்து முடிப்பதற்குள் குழு அடுத்த வீட்டில் பாடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குமாரும் ஜெஸியும் இறங்கினார்கள். பின்னால் பட்டுப்புடவையில் சம்பந்தியம்மாள். ஒரு கையில் நல்லெண்ணெய்த் தூக்கு, மறு கையில் வேட்டியும் புடவையும் வைத்த தாம்பாளம். தெருவெங்கும் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர் வீட்டு வாசலைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தாம்பாளத்தை மகன் கையில் கொடுத்தார்.

"இன்னாண்ணா, எல்லா வூட்லயும் ஸ்டார் எரியுது. உங்க வூட்ல மட்டும் இருட்டா கீது. யாருனா தவறிட்டாங்களா?"

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அவர் அறிந்த முறைப்படி அந்த வெறும் வாசலுக்கு அது ஒன்றே பொருள்.

"சொல்லி அனுப்பியிருந்தா இதெல்லாம் எடுத்தாந்திருப்பேனா? துக்க வூட்டுக்கு எண்ணெயும் புதுத்துணியுமாவா வர்றது? வாடா குமாரு. இன்னொரு நாளைக்கு முறையா வருவோம்." ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

எமிலி அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். ஜெஸி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். சார் வாயைத் திறந்தார். ஜெர்மனி, துருக்கி, இங்கிலாந்து எல்லாம் நுனிநாக்கில் தயாராக இருந்தன. கேட்கப்பட்ட கேள்விக்கு அவற்றில் ஒன்றும் உதவவில்லை. சட்டென்று தெருவைக் கடந்து என் வாசலுக்கு ஓடிவந்தார்.

"உங்க ஸ்டாரைக் குடும்மா. எதுக்குன்னு மட்டும் கேக்காத."

கழற்றிக் கொடுத்தேன். ஒயர் தரையில் இழுபட, நட்சத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சம்பந்தியம்மாள் எதிரில் போய் நின்றார்.

"யாரும் தவறலம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். இது எங்கேருந்து வந்துதுன்னு நீங்க கேட்டா சரியா சொல்லணுமேன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் சரியா தெரியல. அதனால கட்டல."

அந்த அம்மாள் மகன் கையிலிருந்த தாம்பாளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அத்த நான் எதுக்குண்ணா கேக்கப் போறேன்? வாசல்ல எரிஞ்சா நல்ல நாளுன்னு தெரியும், உள்ள வருவேன். அவ்ளோதான். குமாரு, மதிலேறிக் கட்டுடா."

நட்சத்திரம் எரிந்ததும் படியேறினார். எமிலி அக்காவைக் கொண்டே மாப்பிள்ளையின் தலையில் எண்ணெய் வைக்கச் செய்தார். பிறகு மூலையில் நின்ற சாரைக் கூப்பிட்டார். "நீங்களும் உக்காருங்கண்ணா. மூஞ்சி வாடிப்போயி கீது." சார் மறுபேச்சில்லாமல் மணையில் உட்கார்ந்தார்.

சீயக்காய் தேய்க்க நேரமில்லாமல் சர்ச் மணி அடித்துவிட்டது. கன்னத்தில் எண்ணெய் வழிய வந்தவரைப் போதகர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சார், கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்க் குளியலா? இது எந்த ஊர் வழக்கம்?"

"சிங்கப்பெருமாள் கோவில்" என்றார் சார். அந்த மாதத்தில் அவர் சந்தேகமில்லாமல் சொன்ன ஒரே விவரம் அதுதான்.

பெண்கள் பக்கத்தில் எமிலி அக்காவும் சம்பந்தியம்மாளும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் எமிலி அக்காவின் வாயைப் பார்த்துப் பார்த்து, ஒரு சொல் பின்தங்கிப் பாடினார். ஆண்கள் பக்கத்திலிருந்து சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடியும்வரை அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்ற கவலையில் எனக்குப் பாட்டில் மனம் செல்லவில்லை.