ஈசான்ய மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி

கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இது எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்திருந்தால், என் அத்தைக்குச் சக்களத்தி வரவிருந்த ஆபத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அத்தையின் கணவர், அதாவது எங்கள் அத்திம்பேர், ரிட்டையர் ஆன கையோடு மயிலாப்பூர் வீட்டின் முன்னறையில் திருமணத் தகவல் மையம் ஆரம்பித்தார். பச்சை மேடும் நீல வானமும் முகப்பில் வருமே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதை இயக்க நான். (படித்தது ஆறு மாத டிப்ளமோ. நடை மட்டும் விஞ்ஞானி நடை.) மாதங்கள் ஓடியும் ஒரு வரன்கூட அமையவில்லை. பொங்கலுக்குள் ஒரு கல்யாணமாவது நிச்சயமாகாவிட்டால் முன்னறையில் பாட்டு கிளாஸ் நடக்கும் என்று அத்தை கெடு வைத்துவிட்டாள். அத்திம்பேருக்கு அது மானப் பிரச்சினை, எனக்கு வேலைப் பிரச்சினை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்திம்பேர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல வடக்குன்னா, வலது மேல் மூலை ஈசான்யம். அங்க போய் செக்கச்செவேல்னு பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கான். வரன் எப்படிடி வரும்?"

அது இல்லாவிட்டால் திறந்ததை மூட முடியாது என்று புத்தியுள்ள பெண் சொல்லியிருப்பாள். நான், "அதெல்லாம் மாத்திடலாம் அத்திம்பேர்" என்றேன்.

அக்னி மூலையில் கிடந்த குப்பைத்தொட்டியை வாயு மூலைக்கு இழுத்து விட்டேன். பெருக்கல் குறி மட்டும் இம்மியும் நகரவில்லை. சரி, சிவப்பையாவது போக்குவோம் என்று தோற்றத்தை மாற்றினால் எல்லாம் சாம்பல் நிறமானது. சாம்பல் துக்கம், மஞ்சள்தான் மங்களம் என்றார் அத்திம்பேர். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக நிறம் மாற்ற ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு, பின்னணி, பொத்தான் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசினேன். எழுத்து மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டார். எழுத்துக்கும் பூசினேன்.

திரை, தட்டில் கொட்டிப் பரப்பிய கேசரி மாதிரி ஆகிவிட்டது. அத்திம்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழையபடி மாற்றலாம் என்றால், மாற்றும் இடத்திலும் மஞ்சளில் மஞ்சள் எழுத்து.

அந்த நேரம் பார்த்துக் கே.கே. நகரில் இருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் வேலை பார்க்கும் ஒரு பையனின் விவரம் அவருக்குப் பிடித்திருந்தது. ஜாதகம் உடனே வேண்டுமாம், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். எங்கள் மையத்தில் பொருத்தம் பார்க்கும்வரை பெயரும் வயதும் தர மாட்டோம். நட்சத்திரம், கட்டம், பதிவு எண், அவ்வளவுதான். (தந்தால் நேராகப் பையன் வீட்டுக்குப் போய் எங்களை மறந்துவிடுவார்கள்.)

ஞாபகத்தை மட்டும் நம்பி, கண் கட்டி விளையாடுவதுபோல் தட்டித் தடவி எதையோ அமுக்கினேன். பிரின்டரில் இருந்து பளிச்சென்று ஒரு ஜாதகம் வந்தது. என் மீதே எனக்கு மரியாதை வந்தது. படித்துப் பார்க்க யாருக்கும் அவகாசமில்லை. அவர் வாங்கிக்கொண்டு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தாம்பாளம் நிறையப் பழமும் வெற்றிலையுமாக மறுபடி வந்தார். பத்தில் ஒன்பது பொருத்தமாம். இப்படி ஒரு ஜாதகத்தை அவர்கள் ஜோசியர் பார்த்ததே இல்லையாம். அத்திம்பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பையனை எப்ப பார்க்கலாம் சார்?"

"இன்னிக்கே ஏற்பாடு பண்றேன். பதிவு எண் சொல்லுங்கோ."

"ஒண்ணு."

மையம் ஆரம்பித்த அன்று சோதனைக்காக நான் ஏற்றியது அத்திம்பேரின் சொந்த ஜாதகம். அதுதான் எண் ஒன்று.

அத்திம்பேர் காகிதத்தை வாங்கினார், கண்ணாடி போட்டார், தன் கட்டத்தைத் தானே படித்தார். காபியோடு வந்த அத்தை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"போன மாசம்தானே நமக்கு அறுபதாம் கல்யாணம் ஆச்சு? அதுக்குள்ள மூணாவதா?"

கே.கே. நகர்க்காரர் நல்ல மனிதர். விஷயம் புரிந்ததும் காபியைக் குடித்துவிட்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உண்மையான பையனுக்கு நாலு பொருத்தம்கூடத் தேறவில்லை. பொங்கலுக்கு மறுநாள் முன்னறையில் சரளி வரிசை ஆரம்பமானது. நான் வேறு வேலை தேடினேன்.

அத்திம்பேர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாஸ்து தப்பில்லைடி. மாத்தின மூணாம் நாளே வரன் வந்துதா இல்லையா?" என்று இன்றும் வாதாடுகிறார். அத்தை வாதாடுவதில்லை. அவர்கள் போகும் பஸ் கே.கே. நகரைத் தொட்டால் போதும், ஜன்னலோரம் இருப்பவரை முழங்கையால் இடித்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள்:

"மாப்பிள்ளை, இறங்கிக்கறேளா?"