எட்டாம் மாடி ட்ரம்

ஜோங்டேக்கு லிஃப்டிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே எட்டாம் மாடி மான்சு நின்றிருந்தான். அவன் பக்கத்தில் அவனைவிடக் கம்பீரமாக ஒரு ஸ்டீல் ட்ரம். அடியில் கூம்பு, அதன் நுனியில் குழாய், மேலே கண்ணாடி பதித்த மூடி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் படத்தில் மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சமாச்சாரம்.

"நீங்க இன்னும் அந்த வெள்ளை வாளியிலதானா அண்ணே?" என்றான் மான்சு.

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அந்த 'இன்னும்' இருக்கிறதே, அது ஜோங்டேயை இரண்டு நாள் சோறு தின்ன விடவில்லை.

அலுவலகத்தில் அவர் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் வோன்ஜு நகரில் இந்த அபார்ட்மெண்டின் வருஷக் கடைசி விருந்தில் அவர் பீருக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. அந்த ஒரு நாள் மரியாதையில்தான் மனிதர் மீதி வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் உலை வைக்க வந்துவிட்டான் பாவி.

கொஞ்ச நாளில், அக்கம்பக்கத்தார் பழைய சாமான் விற்கிற ஆப்பில் அதே மாதிரி ட்ரம் வந்தது. பாதி விலை. விற்பவர் பெயர் இல்லை, ஒரு நாய்ப் படம்தான். உங்கள் கட்டடக் காவலர் அறையிலேயே வைத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தது. ஊரில் கண்டவனிடமும் ட்ரம் இருக்கிறது, தன்னிடம்தான் இல்லை என்று அதற்கும் ஒரு எரிச்சல் பட்டுவிட்டு வாங்கினார்.

அன்று குப்பை பிரித்துப் போடும் நாள். வெள்ளை வாளியைப் பிளாஸ்டிக் குவியலில் வீசினார். நல்ல வாளியாயிற்றே என்று காவலர் பியோ தயங்கியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வம்பு அப்புறம்தான். வாளி, மனைவி மீசுக் கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே வைத்திருந்த ஃபிரிட்ஜில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்து பதமான குளிரில் புளிக்கும். ட்ரம்மை வைத்தால் ஃபிரிட்ஜ் மூடவில்லை. பால்கனியில் வைத்தார். மார்கழிக் குளிரில் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது. மீசுக்கின் மின்சாரப் போர்வையைச் சுற்றினார். போர்வை கருகியது, ஈஸ்ட் எழவில்லை. கூடத்துக்குக் கொண்டுவந்து, குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் வைத்தார். எழுந்தது பாருங்கள், விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை ஜன்னல் திரைவரை பீய்ச்சியடித்திருந்தது.

"போர்வை போச்சு, திரை போச்சு. அடுத்து நான்தான் போகணுமா?" என்றாள் மீசுக். "வாளியில ஒழுங்காத்தானே வந்துட்டிருந்துச்சு?"

"மான்சு என்ன வாளியிலயா காய்ச்சுறான்?"

அவள் திரையைக் கழற்றப் போனாள்.

விருந்தில் ஜோங்டேயின் பீரை முகர்ந்த மூன்றாம் மாடி அம்மாள், நகப்பூச்சு நெடி அடிக்கிறதே என்று கோப்பையை மரியாதையாக நகர்த்தி வைத்தாள். மான்சுவின் பீருக்கு வரிசை நின்றது. ஜோங்டேயும் ஒரு வாய் குடித்தார். பொறாமையிலும் பொய் சொல்ல முடியவில்லை, அமிர்தம். எங்கேயோ குடித்துப் பழகின ருசிகூட.

பரிசு மான்சுவுக்கு. அவன் நேரே வந்து இவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க புண்ணியம் அண்ணே" என்றான். குத்திக் காட்டுகிறான் என்று ஜோங்டே பல்லைக் கடித்தார்.

பக்கத்து நாற்காலியில் பியோ வறுத்த கோழிக்காலும் கையுமாக இருந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது ஜோங்டேக்கு.

"ட்ரம் ராசி அவனுக்கு. என் வாளியில தலைகீழா நின்னாலும் இந்த ருசி வருமா?"

பியோ மென்றதை விழுங்கினார்.

"உங்க வாளியில வந்த ருசிதானே சார் அது? ட்ரம்ல ஒண்ணும் உருப்படலைன்னு அந்த ட்ரம்மை உங்களுக்கு வித்து என் ரூம்ல கொண்டாந்து வெச்சவரு, நீங்க வாளியைப் போட்டதும் யாரும் எடுக்கறதுக்குள்ள ஓடிவந்து தூக்கிட்டுப் போயிட்டாரு."