கரடி கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. கதை முடிவதற்குள் அதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள், அது உறுதி. இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். நடுவில் கொஞ்சம் மருத்துவம் இருக்கிறது.

கரடிக்கு வீடு ஓர் ஆலமரப் பொந்து. அடியில் எலிகள், நிறுத்தாமல் பெருகி, வேர் வேராகப் பரவிக்கொண்டிருந்தன. மேலே கரையான்கள். ஒரு கீறலைப் பூச வந்தவை, கீறல் மூடிய பிறகும் பூச்சை விடவில்லை. பொந்து இறுகி, கரடி மூச்சைப் பிடித்தால்தான் உள்ளே நுழைய முடிந்தது. இன்னும் ஒரு பூச்சு விழுந்தால் கரடிக்கு நடுக்காடுதான்.

மரங்கொத்தி டாக்டர் வந்து தொண்டையைக் கனைத்தார். "புற்றுநோய் செல்லானாலும் சரி, காயம் ஆறின பிறகும் தழும்பு போட்டுப் போட்டு உறுப்பை இறுக்குற செல்லானாலும் சரி, சிலதோட மேற்பரப்புல ஒரே புரதம் மண்டிக் கிடக்கும். மருந்து அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிச்சு செல்லை அழிக்கும். இங்கேயும் பாருங்க, எலி, கரையான் ரெண்டு பேர் வாசல்லயும் திருஷ்டி எலுமிச்சை கொத்துக் கொத்தாத் தொங்குது. எலுமிச்சை வாசம் பிடிக்கிற குளவிகளைக் காலையில அனுப்புறேன். வாசம் எங்கேயோ, கொட்டு அங்கே."

"நல்ல வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு தொங்குமே டாக்டர்?" என்றது பக்கத்தில் நின்ற ஆமை.

"சும்மா இருய்யா, படிச்சவர் பேசுறாரு," என்றது கரடி.

சிரிப்புதானே? வருகிறது. எதிரே மூத்த எலி வருகிறது, முதலில் அதற்கு வழிவிடுங்கள்.

எலி கைகட்டி நின்றது. "அண்ணே, நாங்களும் கரையானும் காலி பண்றோம். ஆனா ஒரே கவலை. இந்த உடம்பு, இந்த மினுமினுப்பு, ஊர்க் கண்ணு பூரா உங்க மேலதான். எங்க ரெண்டு வீட்டு எலுமிச்சையையும் நீங்களே கட்டிக்குங்க."

கரடி வயிற்றைத் தடவிக்கொண்டது. கண் படுகிறதோ என்று அதற்கும் நெடுநாளாகச் சந்தேகம். குளவி கெட்டவனைத்தானே கொட்டும், நமக்கென்ன என்று வாசல் நிறையக் கட்டியது. மிச்சத்தை மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டது.

விடிந்தது. குளவிகள் வந்தன. எலி வளையைத் தாண்டின. கரையான் பூச்சைத் தாண்டின.

"அங்க இல்ல, இந்தப் பக்கம் திரும்புங்கப்பா," என்று கரடி கை காட்டியது.

குளவிகள் திரும்பவில்லை. வேர் இடுக்கில் ஏதோ கீச்சுக் கீச்சென்று சிரித்தது. ரீங்காரம் நெருங்க நெருங்க, கரடியின் மூக்கிலும் அந்த வாசம் ஏறியது. மெதுவாகக் குனிந்து தன் கழுத்தைப் பார்த்தது.

"ஆமை," என்றது, "நேத்து நீ என்னமோ கேட்டியே?"

நீதி: நோயாகப் பிறந்தால் சுகம். நோயாளியாகப் பிறந்துவிட்டால், மாலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுத்தை நீட்டு.