வாத்தியாரின் மரத்துப்போன வலது கை

இந்த ஞாயிற்றுக்கிழமை உயிரே போனாலும் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று உயிரியல் வாத்தியார் முடிவெடுத்துவிட்டார். சாயங்காலம் நூலகத்தில் சதுரங்க இறுதிப் போட்டி. எதிரே உட்காரப் போகிறவர் மருந்துக்கடைக்காரர். போன வருஷம் வாத்தியாரை மண்ணைக் கவ்வ வைத்தவர். அன்றிலிருந்து தலைவலி மாத்திரை வாங்கப் போனால்கூட, "என்ன சார், ராஜா சௌக்கியமா?" என்று விசாரிக்கிற ஆள். அந்த வாயை இந்தத் தடவை அடைத்தே தீரவேண்டும்.

ஆனால் மனைவியின் அக்கா திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் படுக்கையறைக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டுமாம். டப்பா, பிரஷ், ஏணி எல்லாம் ஏற்கெனவே வந்து இறங்கியாகிவிட்டது.

மூளையைப் பற்றியே பாடம் நடத்துகிறவருக்கு மூளைக்கா பஞ்சம்? காலையில் எழுந்ததும் வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கை மரத்துப் போச்சு. தூக்கவே முடியல."

மனைவி வங்கியில் காசாளர். கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறவள். இவரையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"கையை மடக்கிப் படுத்தீங்களா?"

"அதெல்லாம் இல்ல. இது மூளை சமாச்சாரம். வலது கையை ஆட்டி வைக்கிறது இடது பக்க மூளை. அங்கேருந்து உத்தரவு கிளம்பணும். ஒரு நரம்பு செல் அடுத்ததுக்குச் சொல்லி, அது அதுக்கடுத்ததுக்குச் சொல்லி, தண்டுவடம் வழியா விரலுக்கு வந்து சேரணும். நடுவுல எங்கேயோ வேலைநிறுத்தம்."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"வேண்டாம், வேண்டாம். நாளைக்குத் தானா சரியாயிடும்."

"அடப் பாவமே" என்றபடி, சூடான காபி டம்ளரை அந்தக் கையில் லேசாக ஒற்றினாள். கை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் ஓடியது.

"தூக்க முடியலன்னீங்க?"

விடுவாரா வாத்தியார்? "இது அனிச்சைச் செயல். சுட்டா இழுக்கச் சொல்றது தண்டுவடம். மூளைகிட்ட அனுமதி கேக்காது. மூளை படுத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும்."

"சரிங்க. நீங்க படிச்சவங்க."

இத்தனை சுலபமாக ஜெயித்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் அடுத்த காயை நகர்த்தினார்.

"அப்ப பெயிண்ட் இன்னொரு நாள் பாத்துக்கலாம். சதுரங்கத்துக்கு மட்டும் போய்ட்டு வந்துடறேன். அதுக்கு இடது கை போதும்."

"கோளாறு கையிலயா, மூளையிலயா?"

"மூளையில."

"அப்ப ஓய்வு எதுக்குக் குடுக்கணும்?"

வாத்தியார் இடது கையால் டம்ளரை வாங்கிக் காபியைக் குடித்தார்.

"கை சரியாகிற வரைக்கும் சதுரங்கம் கிடையாது. பெயிண்ட் அடிக்கத்தான் மூளையே வேண்டாமே. பழகாத கையால வேலை செஞ்சா நரம்பு செல்லுங்களுக்கு நடுவுல புதுப் புது இணைப்பு உண்டாகும்னு டியூஷன் பிள்ளைங்களுக்கு நேத்து நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க? இடது கையில பிரஷ்ஷைப் பிடிங்க."

உண்மையை ஒப்புக்கொண்டால் வலது கையால் மளமளவென்று அடித்து முடித்துவிட்டுப் போட்டிக்கு ஓடலாம். வாத்தியாருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் இவளிடம் எல்லாவற்றிலும் தோற்றாகிவிட்டது, பாடத்திலுமா தோற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

இடது கை பிடித்த பிரஷ் சுவரைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. மூக்கில் ஒரு பூச்சு, சன்னல் கண்ணாடியில் இரண்டு. ஏணி ஆடியபோது வலது கை தானாகப் பாய்ந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "அனிச்சைச் செயல்தானே?" என்று கீழேயிருந்து மனைவியே எடுத்துக் கொடுத்தாள். அவர் "ஆமாம்" என்று கையைத் திரும்பத் தொங்கப் போட்டார்.

கடைசிச் சுவரை முடித்தபோது வெளியே இருட்டியிருந்தது. போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர்தான். எதிராளி வராததால் கோப்பையை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். ராஜாவுக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தார். வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து நின்று சுவரைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"மத்தியானமே அந்தக் கைக்கு மாறிடுவீங்கன்னு நெனச்சேன். போட்டிக்குப் போட்டுக்க சட்டைகூட இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன்."