கரை கிழியும்

சண்டைக் காலத்தில், தீவின் மீனவ ஊரான பள்ளிமுனையில், அந்த ஆடி மாதம் நிவாரண அரிசிக்கு நின்ற வரிசையை விட நீளமான வரிசை ஒன்றே ஒன்றுதான். அது செபமாலையின் வீட்டு வாசலில் நின்றது. ஷெல் விழுந்து இடிந்த பழைய சுவருக்குள் அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்ததாம். முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு பாதிரியார் எழுதிய தீர்க்கதரிசனமாம். ஒரு எலி கூட அதைக் கடிக்காததைச் சனம் முதல் அற்புதமாக எடுத்துக்கொண்டது.

சண்டை, குண்டு போடும் பொம்மர், இடப்பெயர்வு எல்லாம் அதில் இருந்தன. மண்ணெண்ணெய் எப்போது வரும் என்பது மட்டும் இல்லை. நடந்த ஒவ்வொன்றுக்கும் செபமாலை ஒரு வசனம் வாசித்தார், நடந்து முடிந்த மறுநாள். முந்திச் சொல்வது பாதிரியாருக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

"கரை கிழியும்" என்ற வசனந்தான் மதலேனாவைப் பிடித்தது. கடல் கரையை உடைத்து வரும், மடுக் கோயில் திருவிழாவுக்கு முன் வள்ளங்கள் எல்லாம் தாழும் என்று செபமாலை விளக்கம் சொன்னார். கரை உடையும், எப்படிக் கிழியும் என்று யாரும் கேட்கவில்லை. புருஷனை இழந்த மதலேனாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அந்த ஒரு வள்ளந்தான். தாழப்போகிற வள்ளத்தை அரை விலைக்கு வாங்க ஒரு புண்ணியவான் முன்வந்தார். செபமாலையின் மைத்துனர் டொமினிக். பாவம், அவர் காதில் மட்டும் அந்த வசனம் விழவில்லை.

வள்ளத்தை விற்கக் கையெழுத்து வைக்க மதலேனா செபமாலையின் வீட்டுக்கு வந்த காலையில், கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கும் செலீனாவும் கூட வந்தாள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஐயா, உயிலங்குளத்தில குளத்துக் கரை உடைஞ்சு வயல் எல்லாம் வெள்ளமாம். புத்தகத்தில ஏதும் இருக்கோ?"

செபமாலை ஏட்டைக் கூடப் புரட்டவில்லை. "கரை கிழியும்," என்றார் கண்ணை மூடி. "நான் கடற்கரை எண்டு நினைச்சன். பாதிரியார் குளத்தையும் சேர்த்தெல்லோ எழுதியிருக்கிறார்."

சனம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டது. வரிசையில் நின்ற பெரியசாமிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மலையகத்தில் இருந்து வந்து உயிலங்குளத்தில் குடியேறிய கூலிக்காரர் அவர். இராணுவத்திடம் பாஸ் எடுத்து அன்று காலைதான் தீவுக்கு வந்திருந்தார்.

"கொளத்துல தண்ணியே இல்லீங்களே," என்றார் பெரியசாமி. "மூணு மாசமா உள்ள மாடு மேயுது. மழை எப்பன்னு கேக்கத்தானே நான் வந்தேன்."

எல்லாரும் செலீனாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பொய் சொன்னனான்," என்றாள் அவள். "என்ர பொய்யையும் அந்தப் பாதிரியார் முந்நூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிட்டார்."

எழுத்து மங்கல் என்று செபமாலை ஏதோ முணுமுணுத்தார். புத்தகத்தைப் பார்க்கச் சனம் முண்டியடித்ததில் மதலேனாவின் சேலைக் கரை கிழிந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தா, கரை கிழிஞ்சிட்டுது," என்றாள் பத்திரத்தோடு காத்து நின்ற டொமினிக்கிடம். "வசனம் பலிச்சிட்டுது. இனி வள்ளம் விக்கத் தேவையில்லை."

வள்ளம் மறுநாளே தொழிலுக்குப் போனது. திருவிழாவும் வந்து போனது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. செபமாலைதான் இடம்பெயர்ந்தார்.

நேற்று நடந்ததைச் சொல்லப் பத்திரிகை போதும், தீர்க்கதரிசி தேவையில்லை. அடுத்தவர் வரும்போது நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் பேனை தேடுகிற நேரத்தில் நீங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.