பனியன் மூட்டையும் ஹேண்ட்பிரேக்கும்

மாருதி கார் வாங்கிய அன்றே மருதாசலம் சபதம் எடுத்தார். உயிரே போனாலும் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதில்லை!

"இழுக்க இழுக்கத் தேஞ்சு போயிரும் அம்மிணி. நாளைக்கு விக்கறப்ப புதுசாட்டம் இருக்கோணுமல்லோ?" என்றார் மனைவி அனுசுயாவிடம்.

கியரும் தேயுமாம். ஆகவே வண்டி எப்போதும் நியூட்ரலில்தான் நிற்கும். பெருமாநல்லூரில் அவர்கள் வீடோ நல்ல இறக்கத்தில். வண்டி ஓடிவிடாமலிருக்க, தன் பனியன் கம்பெனியில் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கட்டிச் சக்கரத்துக்கு முன்னால் செருகுவார். கல் வைத்தால் டயர் தேயுமே!

அனுசுயா லைசென்ஸே எடுத்துவிட்டாள். சாவிதான் கிடைத்தபாடில்லை.

"ஏனுங்க, ஒருக்கா நானும் ஓட்டறனுங்க."

"ஓட்டறது யாரு வேணாலும் ஓட்டலாம். நிறுத்தறதுதான் வித்தை! இந்த எறக்கத்துல ஓடற வண்டிய நீ நிறுத்திக் காட்டு, அன்னைக்கே சாவி உன்ற கையில."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கீழ்வீட்டு வேலுமணி சாட்சி!"

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அனுசுயா முன்னதாகவே போய், பூட்டாமல் நின்ற வண்டியில் ஏறிக்கொண்டாள். மருதாசலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது!

"அய்யய்யோ, வண்டி!"

ஒற்றைச் செருப்போடு ஓடினார். இறக்கத்தின் கீழே தன் புதுக் காம்பவுண்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த வேலுமணி, குழாயைப் போட்டுவிட்டு அலறினார்.

"குதிச்சுரு அம்மிணி!" மருதாசலம் கத்தினார். வண்டி நாசமாய்ப் போகட்டும், அவள் பிழைத்தால் போதும்!

கர்ர்ரக்! சுவருக்கு நாலடி முன்னால் வண்டி நின்றது.

அனுசுயா இறங்கினாள். சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை.

"ஹேண்ட்பிரேக்குத்தானுங்க. தொடாம வெச்சு வெச்சுத் துருப்புடிச்சுக் கெடந்துது. போன வாரம் மெக்கானிக்க ஊட்டுக்கு வரச்சொல்லி கேபிள் மாத்தி வெச்சனுங்க. ஓடற வண்டிய நிறுத்திட்டனுங்களா? சாவி குடுங்க."

வேலுமணி பலமாகத் தலையாட்டினார். மருதாசலம் சாவியைக் கொடுத்தார்.

"அதெல்லாஞ் செரி. நான் வெச்ச மூட்டை எங்க போச்சு?"

மேட்டில் வேஸ்ட் வியாபாரி கன்னையன் அந்த மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்காதானுங்கண்ணா, 'நான் வண்டீல ஏறி பிரேக்கப் புடிச்சதும் எடுத்துக்க'ன்னு நேத்தே சொல்லிட்டாங்க!"