பெயர்ப்பலகைக்குக் கீழே பதினேழு ஜோடி

செவ்வாய்க்கிழமை காலை மதிவாணன் ஷிப்ட் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, தெருமுனையில் புதுப் பெயர்ப்பலகைக்குக் கீழே பதினேழு ஜோடி செருப்புகள் கிடந்தன.

நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு உலகம் பாதி கனவாகத்தான் தெரியும். நிலக்கரி பெல்ட் ஓடும் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அனல்மின் நிலையப் புகையும் மார்கழிப் பனியும் ஒன்றாகக் கலந்து, வீடுகளெல்லாம் தரையைத் தொடாமல் நிற்பதுபோல் இருக்கும். அதனால் மதிவாணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினான். பதினேழேதான்.

"யாரு வூட்லங்க துக்கம்?" என்று பால் ஊற்றிவிட்டு வந்த சங்கரலிங்கத்தைக் கேட்டான்.

"காலங்காத்தால நல்ல வார்த்த சொல்லுப்பா. சாமியார் பேரு வெச்ச தெருவுல செருப்பு போட்டுக்கினு போவலாமா?" என்ற சங்கரலிங்கம், வெறுங்காலோடு சைக்கிளை மிதித்துப் போனார்.

மதிவாணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அருட்தந்தை சவரிநாதன் பெயரை அந்தத் தெருவுக்கு வைக்கச் சொல்லிப் பதினோரு வருடம் மனுக் கொடுத்தவன் அவன். விழாக்குழுவின் செக்ரட்டரியும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திறந்துவைத்த கையோடு ஷிப்டுக்கு ஓடியவன். பெயர் வைத்ததற்குக் காரணமே செருப்புதான் என்பது அவனுக்குத் தெரியாதா?

ஐம்பது வருடத்துக்கு முன்பு அது மேட்டுத்தெரு. காலனி ஆட்கள் சுரங்க வேலைக்குப் போக வேறு வழி கிடையாது. ஆனால் காலில் எதையும் போட்டுக்கொண்டு அதில் நடக்கக் கூடாது. வேலைக்கென்று கொடுத்த பூட்ஸை, லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடி தெருவைக் கடந்து, மெயின்ரோட்டில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வார்கள். காலனிக்கு இரவுப்பள்ளி நடத்தி, ரேஷன் கார்டுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்த சவரிநாதன் சாமியார், ஒருநாள் காலை ஒன்பது பேரைக் கூப்பிட்டு, "பூட்ஸக் கால்ல போடுங்க" என்றார். அவரே முன்னால் நடந்தார். கல் விழுந்தது. நெற்றி பிளந்தது. அவர் நிற்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் இன்றைக்கு மிச்சம் இருப்பவர் மதிவாணனின் அப்பா பழனிவேல் ஒருவர்தான். விழா அன்று அவருக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் அப்பாவைப் புதுச் செருப்போடு இந்தப் பலகைக்குக் கீழே நடக்கவைத்துப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பதினோரு வருடம்.

முனை டீக்கடை அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "தம்பி, ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம்க்கா!"

மதிவாணன் பதினேழு ஜோடியையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"செக்ரட்டரியே நம்ம செருப்பத் தூக்கிக்கினு வர்றாரே, என்னா பக்தி!" என்று தெரு உருகிப்போனது. புதன்கிழமை காலை நாற்பது ஜோடி கிடந்தது.

சரி, விஷயம் புரியவில்லை, எழுதிவைத்தால் புரிந்துவிடும் என்று மதிவாணன் முடிவுகட்டினான். தூக்கம் சொக்கும் கண்ணோடு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய பூட்ஸையும் சாமியார் நெற்றியில் வழிந்த ரத்தத்தையும் ஒன்றுவிடாமல் எழுதி, 'ஆகவே அனைவரும் காலணியோடு நடக்கவும்' என்று முடித்து, பலகை அருகில் ஒட்டினான்.

எல்லோரும் நின்று படித்தார்கள். ரத்தம் வருகிற இடத்தில் கண் கலங்கினார்கள். கடைசி வரி வரைக்கும் போக யாருக்கும் மனசு தாங்கவில்லை. செருப்பைக் கழற்றினார்கள். காடாம்புலியூரிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்க வந்த பெண்கள்கூட வேனை நிறுத்தி இறங்கி, கழற்றிவிட்டு, ஒருவாட்டி தெருவில் நடந்துவிட்டுப் போனார்கள். பலகைக்கு மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழமும் வந்து சேர்ந்தன.

வியாழக்கிழமை, பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஃபாதரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

"நீங்க ஷூவோட நடந்து காட்டுனா போதும் ஃபாதர். நீங்களே நடந்தா வேற யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"அதுக்கென்ன, நடந்துடலாம்."

ஃபாதர் முனைக்கு வந்தார். இருநூறு பேர் வெறுங்காலோடு கைகூப்பி நின்றார்கள். அவர் அந்தக் கால்களைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார், மதிவாணனைப் பார்த்தார்.

"சாரி பிரதர்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் குனிந்து லேஸை அவிழ்த்தார்.

அன்று பகல் தூக்கத்தில் மதிவாணனுக்கு ஒரு கனவு. சுரங்கத்து பெல்ட்டில் நிலக்கரிக்குப் பதிலாகச் செருப்புகள் வந்துகொண்டிருந்தன. பனிக்குள் புகுந்து, மேகத்துக்குள் ஏறி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பெல்ட்டின் கடைசியில் வெள்ளை அங்கி போட்ட சவரிநாதன் சாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, பொறுமையாக ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஜோடி கொறையுதேப்பா" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார்.

குறையாமல் என்ன செய்யும்? திங்கட்கிழமையிலிருந்து மதிவாணனின் பூட்ஸையே காணோம். ஷிப்ட் பஸ்ஸில் கழற்றிப் போட்டுத் தூங்கி, அங்கேயே விட்டிருப்பான். அவன் அப்படித்தான், இதுவரை மூன்று குடை, இரண்டு டிபன் கேரியர் அந்த பஸ்ஸுக்குக் கொடுத்திருக்கிறான். ஸ்டோரில் ஒரு பழைய ஜோடியைக் கேட்டு வாங்கி வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு வந்து போய்க்கொண்டிருந்தான். அந்த ரப்பர் செருப்போடு அவன் தெருவில் நடந்தால், "பேரு வெச்சவன்னு திமிரு" என்று முணுமுணுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை, மேட்டுத்தெருச் சடையப்பன் ஒரு இரும்பு ஸ்டாண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஐந்து அடுக்கு. பச்சைப் பெயின்ட். டோக்கன்கூட அடித்திருந்தார்.

"அண்ணே, இது வேணாண்ணே."

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு மொதக் கல்லு எறிஞ்சது எங்க தாத்தாதான். அவரு ஒங்களக் கழட்ட வெச்சாரு. இப்ப நாங்க கழட்டுறோம். தடுக்காத தம்பி."

மதிவாணனே ஸ்டாண்டுக்கு ஒரு கை பிடித்தான்.

சனிக்கிழமை காலை அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மதிவாணன் தூங்கப் போகாமல், வாங்கிவைத்த புதுச் செருப்பை அவர் காலில் மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். பழனிவேல் முனையில் நின்றார். பனி இன்னும் விலகவில்லை. ஸ்டாண்டு நிறையச் செருப்புகள் தெரிந்தன. தெருவில் ஆட்கள் சத்தமில்லாமல் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

பழனிவேல் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஸ்டாண்டில் வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

மதிவாணனுக்கு அழுகையே வந்துவிட்டது. "யப்பா, போட்டுக்கினு வா. இது மரியாதைக்காகக் கழட்டுறாங்க."

"அப்பவும் மரியாதைன்னுதான்டா சொன்னாங்க."

"நீ போட்டு நடந்தாத்தான்ப்பா மத்தவங்களுக்குப் புரியும்!"

"எழுவத்தஞ்சு வயசுல நான் திரும்ப மொதல் ஆளா நடக்கணுமா? போடா. மொதல்ல கழட்டுனவன் எவன்னு பாரு. அவன மொதல்ல போட்டுக்கினு நடக்கச் சொல்லு. பின்னாடியே நான் வரேன்."

அப்பாவைப் பலகையடியில் நிறுத்திவிட்டு மதிவாணன் டீக்கடைக்கு ஓடினான். முனையில் நடப்பது எதுவும் அம்சவல்லி கண்ணுக்குத் தப்பாது.

"அக்கா, இந்தத் தெருவுல மொதல்ல செருப்பக் கழட்டுன ஆளு யாருக்கா? பேர மட்டும் சொல்லு. கால்ல விழுந்தாவது மாட்டிவிட்டுடுறேன்!"

"அதத்தான தம்பி செவ்வாக்கெழமையே சொல்ல வந்தேன்" என்று அம்சவல்லி பாய்லருக்குப் பின்னால் குனிந்து ஒரு பையை எடுத்துக் கடை பெஞ்சுமேல் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். லேஸ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

"திங்கக்கெழம காலையில கண்ண மூடிக்கினே வந்த, பலகைய அண்ணாந்து பாத்துக் கும்புட்டுட்டு, இதக் கழட்டி அது மேல மாட்டிட்டு வெறுங்காலோட நடந்த, செக்ரட்டரியே செய்யிறியே, இதான் மொற போலன்னு நாங்கல்லாம் கழட்டுனோம்... மாட்டிக்கினு கெளம்பு தம்பி, அப்பா நிக்கிறாரு பாரு!"